மூன்றரை சதவீதக் கையெழுத்து

அத்தியாயம் 1

“எங்கப்பா உசிரோட இருக்காரான்னு தெரியலை மேடம்” என்றாள் ஸ்நேஹா. “இருக்கார்னு சொல்லி தினமும் மெசேஜ் வரது. இல்லைன்னு சொல்ல இந்த பில் ஒண்ணுதான் இருக்கு.”

ரூபீனா கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கினாள். மந்தைவெளியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில் மதியம் இரண்டரை மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. காலையிலிருந்து மழை. கீழே தெருவில் பஸ் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஐம்பதாவது வயதில் சொந்தமாகப் பலகை மாட்டிக்கொண்டவள் ரூபீனா. அவளுக்குக் காரோட்டி, உதவியாளன், தலைவலி எல்லாமே ஈக்காட்டுத்தாங்கல் ஆனந்தகுமார்தான். முன்னே கால் டாக்ஸி ஓட்டியவன். வண்டிக்கு லைசென்ஸ் வைத்திருந்தான், வாய்க்கு வாங்கவில்லை.

அவன் ரூபீனாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“இன்னா மேடம் இது? காபி, இஸ்திரி, தயிர் சாதம்… ரத்தக்கறை எங்க கீது? தயிர் சாதம் ஏழு டாலராம். இதுக்கே நான் கடல்ல குதிச்சிருப்பேன்.”

“ஆனந்த்.”

“வாயை மூடிக்கினேன் மேடம்.”

ரூபீனா ஸ்நேஹாவைப் பார்த்தாள். முப்பத்தாறு முப்பத்தேழு வயதிருக்கும். பள்ளியில் பௌதிகம் கற்பிப்பவள் என்று சொல்லியிருந்தாள். குடையை மடக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் நனைந்திருந்தது, அவள் கவனிக்கவில்லை.

“முதல்லேர்ந்து சொல்லுங்க.”

“அப்பா பேர் பத்ரிநாராயணன். எழுபத்தோரு வயசு. பேங்க்ல ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் டிபார்ட்மென்ட், முப்பத்து நாலு வருஷம். சிங்கப்பூர்லேர்ந்து சென்னைக்கு ஒரு கப்பல்ல ஏறினார். ஆறு நாள் பிரயாணம். துணைக்கு என் சித்தப்பா பிள்ளை வெங்கடேஷ். போன வாரம் திங்கட்கிழமை கப்பல் சென்னைக்கு வந்துடுத்து. இன்னியோட ஒன்பது நாள். வெங்கடேஷ் மட்டும்தான் ஆத்துக்கு வந்தான்.”

“அப்பா?”

“நடுவுல புக்கெட்ல இறங்கிட்டாராம். பழைய ஆபீஸ் சிநேகிதர் அங்கே இருக்காராம். ஒரு மாசம் இருந்துட்டு வரேன்னாராம். அப்பா நம்பர்லேர்ந்தேதான் மெசேஜ் வரது. ஃபோன் பண்ணினா எடுக்கறதில்லை. சிக்னல் சரியில்லை, மெசேஜ் பண்ணுன்னு பதில்.”

“சரி. பில்லுல என்ன?”

ஸ்நேஹா எழுந்து வந்து கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“கரன்சி மாத்தற கட்டணம். மூணரை பெர்சென்ட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தோரு ரூபா.”

“அதிகமா?”

“அதிகமோ கம்மியோ, எங்கப்பா இதைக் கட்டமாட்டார்.”

ஆனந்தகுமாரால் முடியவில்லை. “எங்க நைனா கூடத்தான் ஒரு ரூபா சில்லறைக்கு கண்டக்டரோட அடையாறு வரைக்கும் சண்ட போடுவாரு. அதுக்காக அவரு காணாம போவல மேடம்.”

“உங்களுக்குப் புரியலை” என்றாள் ஸ்நேஹா. கோபமில்லை, அவசரம். “வெளிநாட்டுல கார்டைப் போட்டா மெஷின் கேக்கும், அந்த ஊர் காசுல எடுக்கட்டுமா, உங்க ரூபாய்ல எடுக்கட்டுமான்னு. ரூபாய்னு அமுக்கினா அவா வெச்சதுதான் ரேட்டு. பார்க்க உபகாரம் மாதிரி இருக்கும். கல்யாணமான புதுசுல பாங்காக்ல ஒரு கைப்பை வாங்கறச்சே நான் ரூபாயை அமுக்கிட்டேன். ஊருக்கு வந்து பில்லைக் காட்டினேன். அப்பா ரெண்டு நாள் எங்கிட்ட பேசலை.”

“கைப்பைக்கா?”

“பொத்தானுக்கு.”

ரூபீனாவின் உதடு லேசாக வளைந்தது. “கப்பல்லயும் அப்படிக் கேப்பாங்களா?”

“கப்பல்ல கேக்கவே மாட்டான். அங்கே எல்லாம் டாலர் கணக்கு. இந்தியக் கார்டைக் கொடுத்தா, கடைசில அவனே ரூபாய்க்கு மாத்தி, அதுக்குக் கட்டணமும் போட்டுடுவான். வேண்டாம்னா நாமதான் ரிசப்ஷனுக்குப் போய் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணும். அப்பா கப்பல்ல ஏறினா ரூமுக்குக்கூடப் போகமாட்டார். பெட்டியோட நேரா ரிசப்ஷன். இதோ பாருங்கோ.”

செல்போனில் ஒரு படம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைக் கோடு, கையில் ஒரு சீட்டு, பின்னால் கப்பலின் பித்தளைக் கைப்பிடி. மனிதர் லாட்டரி விழுந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் அனுப்பியிருந்த வாசகம்: ‘வேலை முடிந்தது. இனிமேல் கடலைப் பார்க்கலாம்.’

“முதல் நாளே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டாச்சு” என்றாள் ரூபீனா.

“போட்டாச்சு. ஆனா பில்லுல கட்டணம் இருக்கு. அப்போ அந்தக் கையெழுத்தை யாரோ மாத்தியிருக்கா. அப்பா பக்கத்துல இருந்திருந்தா யாராலும் மாத்த முடியாது.”

“பில் உங்ககிட்ட எப்படி வந்துது?”

“அப்பா எதுக்கும் என் மெயில் ஐடிதான் கொடுப்பார். கப்பல் வந்த அன்னிக்கே வந்திருக்கு.” ஸ்நேஹா தலையைக் குனிந்துகொண்டாள். “நான் நேத்திக்குத்தான் திறந்தேன்.”

மழை கொஞ்சம் பலத்தது. ரூபீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“ஒன்பது நாள் காத்திருந்துட்டு இன்னிக்கு இந்த மழைல வந்திருக்கீங்க. நாளைக்கு என்ன?”

“நாளைக்குக் காலம்பர பத்தரைக்கு ரிஜிஸ்ட்ரேஷன். மந்தைவெளி வீட்டை விக்கறோம். விக்கச் சொல்லி அப்பா மெசேஜ். ரெண்டு வருஷம் முன்னாடி கண் ஆபரேஷன் சமயத்துல எனக்கு பவர் எழுதிக் கொடுத்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டா போதும். பணத்தை வெங்கடேஷோட பட்டறைல போடணுமாம். அதுவும் மெசேஜ்தான். அந்தப் பட்டறைல என் ஹஸ்பெண்ட் அச்யுத்தும் பார்ட்னர்.”

“பவர் கொடுத்தவர் இறந்துட்டா பவர் செல்லாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்போ இந்த விற்பனைல ஆசை இருக்கறவங்களுக்கு, நாளைக்குப் பத்தரை மணி வரைக்கும் உங்கப்பா உயிரோட இருக்கணும்.”

“அதுக்கப்புறம் மேடம்?” என்றான் ஆனந்தகுமார்.

ரூபீனா எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

“நீங்க இங்கே வந்தது யாருக்குத் தெரியும்?”

“அச்யுத்துக்கு மட்டும். அவர்தான் கொண்டு வந்து விட்டார். ரெண்டாயிரம் ரூபாய்க்கு டிடெக்டிவான்னு சிரிச்சார். விட்டுட்டு உடனே பட்டறைக்குப் போயிட்டார்.”

“என்ன கார்?”

“சாம்பல் கலர். ஏன்?”

“சும்மாதான்.”

எதிர்ச்சாரியில், மூடியிருந்த தையல் கடை வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றிருந்தது. அதன் வைப்பர் மட்டும் போய் வந்து, போய் வந்துகொண்டிருந்தது. ரூபீனா பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு படியிறங்கியபோது அந்த இடத்தில் மழைநீர் மட்டும்தான் இருந்தது.

*

“கையெழுத்து கள்ளக் கையெழுத்தா இருந்துச்சுன்னா கேஸ் முடிஞ்சுது மேடம்” என்றான் ஆனந்தகுமார், தி.நகர் பாலத்துக்கு அடியில் தேங்கிய நீரில் காரை உருட்டிக்கொண்டே. “வெங்கடேஷ் சட்டையைப் புடிச்சு நாலு உலுக்கு. மீதிய அவனே பாடுவான்.”

“நல்ல கையெழுத்தா இருந்தா?”

“அப்போ பெரியவரு திருந்திட்டாருன்னு அர்த்தம்.”

“எங்கப்பா திருந்தமாட்டார்” என்றாள் ஸ்நேஹா பின்சீட்டிலிருந்து.

கப்பல் டிக்கெட் விற்கும் அலுவலகம் பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில், பெட்டிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. சுவரெல்லாம் நீலக் கடல் படம். உள்ளே நுழைந்ததும் ஆனந்தகுமார் தோளைக் குறுக்கிக்கொண்டான். “ஏசியப் பாருங்க. டிக்கெட் வாங்காமலே குளுருது.”

மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த புஷ்ராவுக்கு இருபத்தெட்டு வயது. ரூபீனாவின் கடைசித் தங்கைக்குச் சிநேகிதி, அதனால் அவளை அக்கா முறையில் ‘ஆபா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“ஆபா! நனைஞ்சு வந்திருக்கீங்களே. டீ சொல்லட்டுமா?”

“டீ அப்புறம். இவங்கப்பா போன கப்பல்ல வந்தார். புக் பண்ணது இவங்கதான், பேர் இருக்கும். கரன்சி படிவத்தோட நகல் வேணும்.”

புஷ்ரா ஸ்நேஹாவின் அடையாள அட்டையைப் பார்த்தாள், கணினியில் தட்டினாள். “மூணரை பெர்சென்ட் புகாரா? வாரத்துக்கு இருபது வருது ஆபா. பில்லைப் பார்த்தப்புறம்தான் எல்லாருக்கும் தெரியுது. நூறு பேர்ல நாலு பேர்தான் முன்னாடியே வேண்டாம்னு எழுதிக் கொடுக்கறாங்க.”

“இவர் அந்த நாலுல ஒருத்தர்.”

“ஆமா, இருக்கு. ஏறின அன்னிக்கு, மதியம் ரெண்டு பத்து. டாலர்லயே எடுங்கன்னு கையெழுத்து.” அவள் விரல் நின்றது. “அட.”

“என்ன?”

“இன்னொரு படிவம் இருக்கு. முதல்ல சொன்னதை ரத்து பண்ணி, ரூபாய்க்கு மாத்தச் சொல்லி.”

“அதான். யார் போட்டது?” என்றாள் ஸ்நேஹா.

புஷ்ரா திரையைத் திருப்பினாள். ஸ்நேஹா குனிந்து பார்த்தாள். நிமிரவில்லை.

“ஸ்நேஹா?”

“அப்பாதான்.” குரல் காற்றாக வந்தது. “கை நடுங்கியிருக்கு. ஆனா அப்பா கையெழுத்துதான். கடைசில ரெண்டு புள்ளி வெப்பார். இதோ இருக்கு.”

ஆனந்தகுமார் மெதுவாகச் சொன்னான். “மேடம், பெரியவரு திருந்திட்டாரு.”

“ஆனந்த், வாயை மூடு. புஷ்ரா, இந்த ரெண்டாவது படிவம் என்னிக்கு?”

“தேதி… ஆறாவது நாள். திங்கட்கிழமை. காலைல ஆறு நாற்பது.”

“கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது?”

“எட்டு மணி.”

ரூபீனா கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினாள். “புக்கெட்ல இறங்கிப் போனவர் சென்னைக்கு எண்பது நிமிஷ தூரத்துல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கார்.”

ஸ்நேஹா திரும்பினாள். “அப்பா இங்கே வந்திருக்காரா?”

“வந்திருக்கார். அதுக்கு சாட்சியும் இருக்கு. கீழே இன்னொரு கையெழுத்து யாரோடது?”

“அது உடன் வந்தவரோடது ஆபா” என்றாள் புஷ்ரா. “வீல் சேர்ல வர்ற பயணின்னா கூட வந்தவர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்.”

“வீல் சேரா?” ஸ்நேஹா திடுக்கிட்டாள். “எங்கப்பா தினமும் நாகேஸ்வரராவ் பார்க்கை ஏழு சுத்து சுத்தறவர் மேடம்!”

“கப்பல் ஏறினப்போ நடந்துதான் ஏறியிருக்கார்” என்று புஷ்ரா படித்தாள். “நாலாவது நாள் வீல் சேர் கேட்டிருக்காங்க. குறிப்பு இருக்கு. பயணிக்கு மறதி நோய், மருந்தில் இருக்கிறார், ஏதாவது உளறினால் பொருட்படுத்த வேண்டாம்னு உடன் வந்தவர் சொல்லியிருக்கார்.”

கீழே பெட்டிக் கடைக்காரர் யாரிடமோ பேரம் பேசும் சத்தம் கேட்டது.

“ரெண்டு நாளா மாத்திரை கொடுத்து மயக்கத்துலயே வெச்சிருக்காங்க” என்றாள் ரூபீனா. “காலைல அடுத்த மாத்திரைக்கு முன்னாடி கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். அந்த நேரத்துல இவர் வாயால ‘காப்பாத்துங்க’ன்னு சொன்னா, உளறல். துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தா கிழிச்சுப் போட்டிருப்பாங்க. ஆனா காசு சம்பந்தப்பட்ட காகிதத்தைக் கப்பல்ல ஒருத்தனும் கிழிக்க மாட்டான். பத்திரமா வெச்சு, அந்தக் கட்டணத்தை பில்லுல ஏத்தி, மகளோட மெயிலுக்கு அனுப்புவான். ஃபோனைப் பிடுங்கிட்டவங்களால அந்த மெயிலைப் பிடுங்க முடியாது.”

“அந்த வெங்கடேஷ் பக்கத்துலயே நின்னுக்கினு கையெழுத்தும் போட்டுக்கறானே மேடம்?”

“அவன் நூத்துல தொண்ணூத்தாறு பேர்ல ஒருத்தன். நம்ம ரூபாய்லயே வரட்டும்னு ஒரு கிழவர் கேட்டா அதுல என்ன தப்புன்னு நினைச்சிருப்பான். பத்ரிநாராயணன் ரூபாய் கேக்கறார்னா உலகம் தலைகீழா நிக்குதுன்னு தெரிஞ்சவங்க ஒரே ஒருத்தர்தான்.”

ஸ்நேஹாவின் கண் நிரம்பி வழிந்தது. “அப்பா எனக்கு எழுதின கடுதாசியா இது? நான் எட்டு நாள் திறக்காம வெச்சிருந்தேனே…”

அவள் கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. பார்த்தாள். நிறம் மாறிப்போய் அதை ரூபீனாவிடம் நீட்டினாள்.

அனுப்பியவர் பெயர்: அப்பா.

‘ஸ்நேஹா, டிடெக்டிவ் ஆபீஸுக்கெல்லாம் எதற்கு அலைகிறாய்? நான் சௌக்கியம். நாளைக்குக் கையெழுத்து மட்டும் போடு.’

“புக்கெட்ல உட்கார்ந்துகினே மந்தவெளி தெரியுதா அவருக்கு?” என்றான் ஆனந்தகுமார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

ரூபீனா ஸ்நேஹாவின் முகத்தையே பார்த்தாள். அவள் தானாக அந்த இடத்துக்கு வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லலை” என்றாள் ஸ்நேஹா. “அச்யுத்…”

“புஷ்ரா” என்றாள் ரூபீனா. “அந்தப் படிவத்துக்குப் பின்பக்கம் உண்டா?”

“உண்டு ஆபா. அதுல ஒண்ணும் இருக்காது. கரையில தொடர்பு கொள்ற முகவரி. பெரும்பாலும் காலியா விட்டுடுவாங்க.”

“சாட்சிக் கையெழுத்து முன்பக்கம். போட்டவன் திருப்பிப் பார்த்திருக்க மாட்டான். திருப்பு.”

புஷ்ரா திரையில் அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

காலியாக இல்லை. நடுங்கும் எழுத்தில் நாலு வரி முகவரி. அதற்குக் கீழே, ரிசப்ஷன்காரர் ஆங்கிலத்தில் குறித்திருந்தார். கட்டணம் கூடும் என்று பயணியிடம் இரண்டு முறை சொல்லப்பட்டது. தெரிந்தேதான் கேட்கிறார். மகள் பில்லைப் பார்ப்பாள் என்கிறார்.

“மந்தைவெளி முகவரிதானே?” என்றாள் புஷ்ரா.

“இல்லை.” ஸ்நேஹா திரையில் விரலை வைத்தாள். “இது அடையார். கஸ்தூரிபா நகர். என் மாமியாரோட பழைய ஃப்ளாட். அவா போய் மூணு வருஷமாச்சு. பூட்டித்தான் இருக்கு. சாவி அச்யுத்கிட்ட. நான் அவருக்கு ஃபோன் பண்ணிக் கேக்கறேன். நிச்சயம் வேற ஏதோ…”

ரூபீனா அந்தப் போனின்மீது கையை வைத்து மூடினாள்.

“வேணாம்மா.”

*

கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டும்போது ஐந்தரை மணி. ஆற்றில் தண்ணீர் கறுப்பாக, கரைக்கு ஒரு முழம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ரூபீனா போனில் பேசி முடித்தாள்.

“அடையாறு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியாச்சு. கிளம்பறாங்க. தண்ணி நிக்கறதால பத்து இருபது நிமிஷம் ஆகலாம்.”

“நாம நிக்கணுமா மேடம்?” என்றான் ஆனந்தகுமார்.

“அங்கே போய் முடிவு பண்ணுவோம்.”

ஸ்நேஹா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். “அந்த ஃப்ளாட்டுக்கு அப்பா ஒரே ஒரு தடவை வந்திருக்கார். என் கல்யாணம் நிச்சயமான அன்னிக்கு. முகவரியை எப்படி ஞாபகம் வெச்சிண்டிருந்தார்?”

“கேட்டிருப்பார். தூங்கற ஆள் பக்கத்துலதானே எல்லாரும் பயமில்லாம ஃபோன் பேசறாங்க.”

கார் குறுக்குத் தெருவுக்குள் திரும்பியது. மூன்று மாடிப் பழைய குடியிருப்பு. ஒரு ஜன்னலிலும் வெளிச்சமில்லை. பல ஜன்னல்களில் சட்டமே இல்லை, சதுர ஓட்டைகள்தான் இருந்தன. மாடிப் பைப்பிலிருந்து மழைநீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் எங்கே?” என்றாள் ரூபீனா.

“இடிச்சுக் கட்டக் கொடுத்திருக்கா. அச்யுத் சொன்னார். எல்லாரும் காலி பண்ணிண்டிருக்காளாம்.”

ஆனந்தகுமார் இறங்கிப் போய் கேட்டில் கட்டியிருந்த தகரப் பலகையைப் பார்த்தான். நின்றுகொண்டே இருந்தான். மழை அவன் தலையில் இறங்கியது. அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்பதே ரூபீனாவுக்குப் பயமாக இருந்தது.

“என்ன ஆனந்த்?”

“நீங்களே படிங்க மேடம்.”

குடியிருப்போர் அனைவரும் வெளியேறிவிட்டனர், யாரும் உள்ளே நுழையக் கூடாது, கட்டடம் வெள்ளிக்கிழமை காலை முதல் இடிக்கப்படும் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

அன்று புதன்கிழமை. வியாழக்கிழமை பத்தரைக்குக் கையெழுத்து.

“அதுக்கப்புறம்னு கேட்டியே” என்றாள் ரூபீனா.

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டிக்கியைத் திறந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டான்.

இரண்டாவது மாடி. எல்லா வீட்டுக் கதவுகளையும் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கதவு இருந்தது. அதில் புத்தம்புதுப் பூட்டு, விலைச் சீட்டுக்கூட உரிக்கவில்லை.

“அப்பா!” ஸ்நேஹா கதவில் கன்னத்தை வைத்தாள். “அப்பா, நான்தான்!”

உள்ளே நிசப்தம். மழைச் சத்தம் மட்டும். ஆனந்தகுமார் கம்பியைப் பூட்டில் கோத்துத் தொங்கினான். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாவதில் கொண்டி பெயர்ந்து கதவு உள்பக்கம் அடித்துக்கொண்டு திறந்தது.

ஈரச் சுவரின் நாற்றம். ஜன்னலுக்குப் பலகை அறைந்திருந்தது. ரூபீனா செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். தண்ணீர் பாட்டில்கள், காலி மாத்திரை அட்டைகள், மடக்கிய வீல் சேர். மூலையில் ஒரு நாடாக் கட்டில். கட்டிலில் ஒரு வெள்ளைச் சட்டை, மனிதர் மிகவும் சிறியவராகப் போயிருந்தார்.

ஸ்நேஹா ஓடிப்போய்க் கட்டிலருகே விழுந்தாள். அவர் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை சற்றுநேரம் சும்மா கிடந்தது. பிறகு விரல் அசைந்தது.

“ஸ்நேஹாவா?”

“நான்தாம்பா.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“புதன்பா. ஒன்பது நாளாச்சு.”

“மெயில்னு ஒண்ணு வந்தா அன்னிக்கே பாக்கக்கூடாதோ?” நாக்கு குழறியது, ஆனால் கண் திறந்துகொண்டது. “எவ்வளவு போட்டான்?”

“மூணரை பெர்சென்ட்.”

“கொள்ளை” என்றார் பத்ரிநாராயணன். தலை மறுபடி தலையணைக்குச் சாய்ந்தது.

ரூபீனா மாத்திரை அட்டைகளைக் கைக்குட்டையால் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் காலி. கடைசி அட்டையில் ஒன்றே ஒன்று மிச்சம்.

“இன்னிக்கு ராத்திரிக்கு மட்டும்தான் இருக்கு. நாளைக்கு வாங்கி வைக்கலை” என்று தாழ்ந்த குரலில் ஆனந்தகுமாரிடம் சொன்னாள். “ஐயா, இங்கே யார் வருவாங்க? வெங்கடேஷா?”

கிழவர் மகளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். “அவன் ஒருநாள்தான் வந்தான்.”

“மத்த நாள்?”

“குழந்தை முன்னாடி கேக்காதீங்கோ.”

ஸ்நேஹா அவர் கையை மெதுவாகக் கட்டிலில் வைத்தாள். பிறகு போனை எடுத்தாள். ‘அப்பா’ என்ற பெயரைத் தொட்டுக் காதில் வைத்தாள்.

மணியடித்தது. அவள் காதில் மட்டுமல்ல. பத்ரிநாராயணன் தன் போனுக்குப் பழைய கறுப்பு டெலிபோன் மணியைத்தான் வைத்திருந்தார். அந்த மணி இப்போது கீழே, மாடிப்படியின் இருட்டில் எங்கோ கேட்டது. ட்ரிங், ட்ரிங். ஒவ்வொரு படியாக மேலே வந்தது. முதல் மாடித் திருப்பத்தில் ஒருகணம் நின்றது. மறுபடி ஏறியது.

ரூபீனா வெளிச்சத்தை அணைத்தாள். ஆனந்தகுமார் கதவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. ஒரு கையில் நனைந்த குடை, மறு கையில் சாப்பாட்டுப் பொட்டலம். பெயர்ந்து தொங்கிய பூட்டைப் பார்த்தது. பிறகு இரண்டடி உள்ளே வந்து பார்த்தது.

“ஸ்நேஹா!” அச்யுத்தின் குரலில் பதற்றம் சரியான அளவில் இருந்தது. “நீ எப்படி இங்கே? நானும் இப்போதான் கண்டுபிடிச்சேன். வெங்கடேஷ் பண்ணின வேலை. பட்டறைல அவன் பேசினதைக் கேட்டு ஓடி வரேன். அப்பா எப்படி இருக்கார்?”

ட்ரிங், ட்ரிங். அவன் சட்டைப் பையில் நீல வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது.

ஸ்நேஹா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்யுத்தின் கை பையை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. ஒரு கால் பின்னால் எடுத்து வைத்தான். அவன் பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அதில் ஆனந்தகுமார் சாய்ந்து நின்றான், கையில் ஜாக்கிக் கம்பியோடு.

“எங்க சார் கிளம்பிட்டீங்க? பொட்டலம் ஆறிடும், உக்காருங்க.”

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“ஸ்நேஹா, அவர் பாக்கெட்ல அடிக்கறது என் ஃபோன்தானே?”

“ஆமாம்பா.”

“கட் பண்ணும்மா. கப்பலுக்குன்னு போட்ட ரோமிங் பேக் இன்னும் ஓடிண்டிருக்கும். அதை முதல்ல நிறுத்தச் சொல்லு. தினம் காசு போறது.”

“சொல்றேம்பா.”

ஆனால் அவள் கட் பண்ணவில்லை. மணி தானாக நின்றதும் மறுபடி அந்தப் பெயரைத் தொட்டாள். நின்றதும் மறுபடி. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அச்யுத்தின் முகத்தில் அந்த நீல வெளிச்சம் விழுந்து விழுந்து அணைந்தது. கீழே கேட்டுத் தகரம் உரசித் திறந்து, தண்ணீரில் பல கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்கும்வரை அவள் விடவில்லை.